பார்க்கிற கதையும் விளையாடுற கதையும்



வீடியோ கேம் என்றாலே சுடுவது, கார் ஓட்டுவது, நேரத்தை வீணாக்குவது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கதை வேண்டுமா, சினிமா பார் என்பார்கள். நானும் சினிமா ரசிகைதான். ஆனால் கேமிலும் நல்ல கதை உண்டு என்று இந்த விடுமுறையில்தான் தெரிந்தது.

முதலில் சினிமா. 2015-இல் மணிகண்டன் இயக்கி வெளிவந்த ‘காக்கா முட்டை’ படத்தை நீங்களும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பீட்சா சாப்பிட ஆசைப்பட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் காசு சேர்ப்பார்கள். புதுத்துணி போட்டுக்கொண்டு கடைக்குப் போனால் வாசலிலேயே அறை விழும். “பாவம், பச்சப்புள்ளைங்க” என்று எங்கள் அப்பத்தா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. எங்களுக்கெல்லாம் அப்படி ஒரு கோபம்! ஆனால் அடிக்கிற கையை நம்மால் தடுக்க முடியாது. பார்க்கத்தான் முடியும்.

இப்போது கேம். காலேஜ் ஹாஸ்டலில் இருந்து வந்த என் அண்ணன், லேப்டாப்பில் ‘வெண்பா’ என்ற கேமைக் காட்டினான். 2023-இல் வெளிவந்தது, கனடாவில் உருவாக்கியது. 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். சண்டையே கிடையாது, சமையல்தான்! வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கும். விட்டுப்போனதை நாமே யோசித்துச் சமைக்க வேண்டும்.

இட்லித்தட்டு அடுக்குகிற இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் முழித்தோம். அம்மா எட்டிப் பார்த்து, “கீழ்த்தட்டு இட்லிக்கு மேல ஓட்டை வர்ற மாதிரி வைங்க. அப்பத்தான ஆவி போகும்” என்றாங்க. அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. எந்தச் சினிமாவும் அவங்ககிட்ட யோசனை கேட்டதில்லை. இந்தக் கதை கேட்டது!

கவின் வளர வளர அம்மாவை விட்டு விலகிப் போகிறான். பிறகு, பெரியவனான கவினாகவும் நாமே விளையாட வேண்டும். அதே நோட்டைத் தட்டுத்தடுமாறிப் படித்துச் சமைக்க வேண்டும். அந்தப் பகுதி வந்ததும் அண்ணன் மவுஸை என்னிடம் கொடுக்கவே இல்லை. ஒன்றும் பேசவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்மா அவன் போனுக்குக் காத்திருப்பாங்க. அவன் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுவான். சினிமாவாக இருந்தால் கவினைத் திட்டியிருப்போம். இங்கே கவினே நாம்தானே, யாரைத் திட்டுவது?

அதற்காகக் கேம்தான் உசத்தி என்று சொல்ல மாட்டேன். ஒரு டி.வி. இருந்தால் தெருவே சேர்ந்து படம் பார்க்கலாம், சேர்ந்து அழலாம். இந்தக் கேமுக்கு லேப்டாப் வேண்டும். நம்மில் எத்தனை பேர் வீட்டில் அது இருக்கிறது?

சினிமா அடுத்தவர் கஷ்டத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது. நல்ல கேம் அதை நம் கையில் கொடுத்து, “நீ என்ன செய்வாய்?” என்று கேட்கிறது. இரண்டும் நமக்கு வேண்டும். இனி யாராவது “கேம் எல்லாம் வேஸ்ட்” என்றால், “எந்தக் கேம்?” என்று கேளுங்கள் தோழிகளே, தோழர்களே!

போன ஞாயிறு அண்ணன் போனில் ரொம்ப நேரம் பேசினான். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி