விலை வேணுமா, விற்றால் போதுமா?

நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. ஷேர் மார்க்கெட் ஆர்டர் வகைகளைப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியவன். ஆனால் அப்பாவின் 100 ஷேரை ஆன்லைனில் விற்க உட்கார்ந்தபோதுதான், எழுதியதில் பாதி எனக்கே புரியவில்லை என்று தெரிந்தது.

தங்கையின் ஹாஸ்டலுக்கு 24,000 ரூபாய் கட்ட வேண்டும். பத்து நாள் கெடு. "நீதானே காமர்ஸ் படிக்கிற, நல்ல விலை பார்த்து வித்துக் குடுடா" என்றார் அப்பா. அன்று விலை 250. மார்க்கெட் ஆர்டர் போட்டிருந்தால் அந்த நிமிடமே விற்றிருக்கும். எனக்குத்தான் பேராசை. 260-க்கு லிமிட் ஆர்டர் போட்டேன். அதாவது, 260 அல்லது அதற்கு மேல் கிடைத்தால் மட்டும் விற்கும். விலை 259 வரை வந்து திரும்பிவிட்டது. 260-ஐத் தொட்டிருந்தாலும் அதே விலைக்கு முன்னால் ஆர்டர் போட்டவர்களுக்குத்தான் முதலிடம். ரேஷன் கடை வரிசை மாதிரிதான். பிற்பகல் 3.30-க்கு மார்க்கெட் மூடியதும் என் ஆர்டர் ரத்து.

சரி, விலை இறங்கினால்? 240-க்கு ஒரு லிமிட் ஆர்டர் போட்டு வைக்கலாமே என்று நினைக்காதீர்கள். விலை 250-ல் இருக்கும்போது அப்படிப் போட்டால், உடனே 250-க்கே விற்றுவிடும். இறங்கும்போது மட்டும் விழித்துக்கொள்வதுதான் ஸ்டாப் லாஸ். அதில் இரண்டு விலை கொடுக்க வேண்டும். டிரிகர், ஆர்டரை எழுப்பும் விலை. லிமிட், எழுந்த ஆர்டர் கேட்கும் குறைந்தபட்ச விலை. பல நாள் காத்திருக்க ஜி.டி.டி. என்று ஒரு வசதி உண்டு. அதில் டிரிகர் 240, லிமிட் 239 என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, மாலையில் கம்பெனியின் காலாண்டு ரிசல்ட் வந்தது. நஷ்டம். மறுநாள் காலை 9.15-க்கு வர்த்தகம் தொடங்கும்போதே விலை 228! ஆர்டர் எழுந்தது, 239 கேட்டது. 228-க்குக் கிடைக்கும் ஷேரை 239 கொடுத்து யார் வாங்குவார்கள்? ஒன்றுகூட விற்கவில்லை. அடுத்த நாள் 221-க்கு மார்க்கெட் ஆர்டரில் தள்ளிவிட்டேன். கட்டணத்துக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய் குறைந்தது.

நான் லிமிட்டை 220 என்று கொடுத்திருந்தால், 228-ஐ ஒட்டியே விற்றிருக்கும். லிமிட்டைத் தாழ்வாக வைத்தால் அந்தத் தாழ்ந்த விலைக்குத்தான் போகும் என்று பயந்ததுதான் என் தப்பு. அந்த நேரத்தில் இருக்கும் நல்ல விலைதான் முதலில் கிடைக்கும்.

லிமிட்டே இல்லாத ஸ்டாப் ஆர்டரும் உண்டு. அது எப்படியும் விற்றுவிடும். ஆனால் வாங்க ஆள் குறைவாக இருந்தால் அடிமாட்டு விலைக்குப் போய்விடும். மும்பை பங்குச் சந்தை 2023 அக்டோபரில் அந்த வகையையே நிறுத்திவிட்டது.

லிமிட் ஆர்டர் விலையைக் காப்பாற்றும், விற்பனைக்கு உத்தரவாதம் தராது. மார்க்கெட் ஆர்டர் விற்றுக் கொடுக்கும், விலைக்கு உத்தரவாதம் தராது. எனக்குத் தேவைப்பட்டது பணம். நான் பிடித்துக்கொண்டு நின்றது விலையை.

அப்பா திட்டவில்லை. மீதியை எங்கோ புரட்டிக் கட்டிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.