விளக்கும் எண்ணெயும்

மத்தேயு சுவிசேஷத்தின் 23, 24, 25 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசிக்கும் வழக்கம் எங்கள் சபைகளில் குறைவு. லெந்து நாட்களில் 23-ஐ எடுத்துப் பரிசேயரைக் கண்டிப்போம். கன்வென்ஷன் பந்தலிலும் டிசம்பர் 31 இரவு ஆராதனையிலும் 24 வரும். யுத்தம், பஞ்சம், கொள்ளைநோய், பூமியதிர்ச்சி என்று பிரசங்கியார் அடுக்கிக்கொண்டே போவார். 25-இல் உள்ள பத்துக் கன்னிகைகள் வாலிபர் கூடுகைக்கு. இப்படித் துண்டு துண்டாகக் கேட்டுக் கேட்டு, மாய்மாலம் ஒரு பாடம், கடைசிக் காலம் வேறொரு பாடம் என்றே நம்மில் பலருக்கு மனதில் பதிந்துவிட்டது.

மத்தேயுவில் இவை அடுத்தடுத்து ஒரே போக்கில் செல்கின்றன. தேவாலயத்தில் வேதபாரகரையும் பரிசேயரையும் இயேசு கடுமையாகக் கண்டிக்கிறார். அங்கிருந்து வெளியே வருகிறார். சீஷர்கள் பெருமையோடு காட்டிய அந்தக் கட்டடங்கள் தரைமட்டமாகும் என்கிறார். பிறகு ஒலிவமலையில் உட்கார்ந்து முடிவைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் பேச்சின் நடுவே ஓர் ஊழியக்காரன் வருகிறான். எஜமான் வர நாளாகும் என்ற தைரியத்தில் அவன் உடன் வேலைக்காரரை அடிக்கிறான், குடிகாரரோடு சேர்ந்து திரிகிறான். எதிர்பாராத நாளில் எஜமான் வந்து நிற்கிறார். அவனுக்குக் கிடைக்கும் இடம் மாய்மாலக்காரரோடு. முந்தின அதிகாரத்தில் பரிசேயரை எந்தப் பெயர் சொல்லிக் கண்டித்தாரோ, அதே பெயர் இங்கே திரும்ப வருகிறது. எஜமான் இப்போதைக்கு வரமாட்டார் என்று உள்ளூர நம்புகிறவனின் வாழ்க்கைதான் மாய்மாலம். இந்த மூன்று அதிகாரங்களையும் சேர்த்து வாசிக்கும்போது எனக்குக் கிடைக்கும் செய்தி இது.

வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி அவர் சொன்னதை நாம் வெறும் உவமையாகக் கேட்டுப் பழகிவிட்டோம். அன்று கேட்டவர்களுக்கு அது கண்ணால் கண்ட காட்சி. பஸ்கா பண்டிகைக்குத் தூர ஊர்களிலிருந்து ஜனங்கள் எருசலேமுக்கு வருவார்கள். கல்லறையைத் தொட்டவனுக்கு ஏழு நாள் தீட்டு. அவ்வளவு தூரம் நடந்து வந்தும் பண்டிகை கைவிட்டுப் போய்விடும். வெளியூர்க்காரர் தெரியாமல் மிதித்துவிடக் கூடாது என்று, பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே, ஆதார் மாதத்தில், கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு பூசுவது யூதர் வழக்கம். இயேசு பேசியது பஸ்காவை ஒட்டிய நாட்களில். பூசிய வெள்ளை மங்கியிருக்காது. ஒதுங்கிப் போகச் சொல்லிப் பூசிய வெள்ளைதான், தூரத்திலிருந்து பார்த்தால் அழகாகத் தெரிகிறது. பக்தியின் வெளித்தோற்றத்துக்கு இதைவிடக் கடுமையான தீர்ப்பை நான் அறியேன்.

ஆனால் அவர் கடமைகளைத் தள்ளிவிடவில்லை. சமையலுக்குப் போடும் சீரகத்தில்கூடத் தசமபாகம் அளந்து கொடுத்தவர்களிடம், கொடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதையும் செய்யுங்கள், நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிடாதீர்கள் என்றார். உபவாசம், காணிக்கை, ஆராதனை எல்லாம் இருக்கட்டும். அவற்றுக்குப் பின்னால் நாம் எதை மறைக்கிறோம் என்பதே கேள்வி.

கன்னிகைகள் உவமையிலும் இதே விஷயம்தான். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. பத்துப் பேருமே மணவாளனை எதிர்கொள்ளப் புறப்பட்டவர்கள். அவர் வர நேரமானபோது பத்துப் பேரும் தூங்கிவிட்டார்கள். புத்தியுள்ளவர்கள் கண் விழித்திருந்ததாக எழுதியிருக்கவில்லை. நடுராத்திரி வரை, பார்க்கிறவர்களால் யார் எந்தப் பக்கம் என்று சொல்லியிருக்க முடியாது. வித்தியாசம் ஐந்து பேர் கூடவே கொண்டுவந்த பாத்திரத்துக்குள் இருந்தது. சத்தம் கேட்டபின் அந்த எண்ணெயைக் கடன் வாங்க வழியில்லை. அம்மாவின் முழங்கால் ஜெபமும் தாத்தா கட்டிக்கொடுத்த ஆலயமும் நமக்கு ஆசீர்வாதங்கள்தான். ஆனால் அந்த நேரத்தில் அவற்றிலிருந்து நம் பாத்திரத்துக்கு ஒரு சொட்டும் ஊற்ற முடியாது.

நாளும் நாழிகையும் பிதாவைத் தவிர யாருக்கும் தெரியாது என்று அதே பேச்சில் சொல்லியிருக்கிறார். அப்படியிருந்தும் நாள் குறிப்பவர்கள் எழும்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி, தானியேல் புத்தகத்தில் வரும் 2,300 நாட்களை ஆண்டுகளாகக் கொண்டு கணக்குப் போட்டார். அவரைப் பின்பற்றியவர்கள் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். வயலில் விளைந்ததை அறுக்காமல் விட்டவர்களும் உண்டு. அந்த இரவும் விடிந்தது. அவர்களில் பெரும்பாலோர் உண்மையாகவே நம்பிக் காத்திருந்தவர்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது.

தென் கொரியாவில் நடந்தது வேறு. 1992 அக்டோபர் 28 அன்று இரகசிய வருகை என்று தாமி மிஷன் என்ற சபை அறிவித்தது. அதை நம்பி வேலையை விட்டார்கள். உள்ள சொத்தையெல்லாம் காணிக்கையாகக் கொடுத்தார்கள். சபைத் தலைவர் லீ ஜாங் ரிம் அதற்கு முந்தின மாதமே மோசடி வழக்கில் கைதானார். அவர் கடன்பத்திரங்கள் வாங்கி வைத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. அவை முதிர்வடைய வேண்டிய ஆண்டு 1993. உலகம் இந்த அக்டோபரோடு சரி என்று பிரசங்க பீடத்தில் சொன்னவரின் பெட்டிக்குள் அடுத்த ஆண்டுக்கான பத்திரம்! கடைசிக் காலத்தைப் பற்றி நாவு ஒன்று சொல்லியிருக்கிறது, கை வேறொன்றைச் செய்திருக்கிறது. நம் வீடுகளிலும் இது சிறிய அளவில் நடக்கிறது என்பதால் இதைச் சொல்கிறேன். இயேசு சீக்கிரம் வருகிறார் என்று காரின் பின்கண்ணாடியில் ஒட்டுகிறோம். தம்பிக்குச் சேர வேண்டிய பாகத்துக்குப் பல வருஷமாகக் கையெழுத்துப் போடாமல் இருக்கிறோம்.

மாய்மாலம் ஆள்களோடு நிற்பதில்லை. அது சுவராகவும் எழும்பும். தென்கோடியில், கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இருக்கிறது வடக்கன்குளம். 2022-இல் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயம் 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். அதே ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்துக்கு இரண்டு நீண்ட கூடங்கள். கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல அவை தனித்தனியாக வந்து ஒரே பீடத்தில் சேர்ந்தன. ஒரு சாதியார் ஒரு கூடத்தில், மற்றவர் அடுத்ததில். இரு பக்கத்தாரும் பீடத்தைப் பார்க்கலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. நடுத் தடுப்பு இடிக்கப்பட்டது 1910-இல். அதை எதிர்த்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள், தனியிட உரிமை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

இது கத்தோலிக்கர் கதை என்று சீர்திருத்த சபையார் ஒதுங்கிவிட முடியாது. சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது, அதுவும் இராப்போஜனப் பந்தியில் அறவே கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் கடிதம் எழுதினார். அதை ஏற்காமல் தஞ்சாவூரில் பலர் சபையைவிட்டு விலகினார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் உள்ள கிறிஸ்தவ ஊர்கள் இருக்கின்றன. மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். எக்காளம் தொனிக்கும்போது யார் பக்கத்தில் யார் எழும்ப வேண்டும் என்பதைச் சுவர் கட்டி நாமே தீர்மானித்திருக்கிறோம். வருகைக்கு ஆயத்தம் என்று பேசும் சபை முதலில் அந்தச் சுவரை இடிக்கட்டும்.

ஆயத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டால், எங்கள் தெருவில் இருந்த ஓர் ஆச்சியைச் சொல்வேன். தானியேலின் கொம்புகளும் வெளிப்படுத்தலின் முத்திரைகளும் அவளுக்குப் புரிந்ததில்லை. சாயங்காலம் பால் ஊற்றுகிறவளுக்குச் சில்லறை பாக்கி நின்றுவிட்டால் அவளால் படுக்க முடியாது. முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்து எண்ணி, பேரனை இருட்டில் அனுப்புவாள். நாளைக்குக் கொடுத்தால் என்ன ஆச்சி என்று அவன் முணுமுணுத்தால், "ராத்திரி கர்த்தர் வந்துட்டாருன்னா அவ துட்டு என் கணக்குலல்லா நிக்கும்?" என்பாள். அதில் பயம் தெரியாது. வாசல் தெளிக்கிற வேலையைப்போல அதையும் ஒரு வேலையாகச் செய்தாள். யாரோடாவது மனத்தாங்கல் வந்தால் அதையும் அப்படியே அன்றைக்கே தீர்த்துவிடுவாள். வேத பாட வகுப்பில் நான் கேட்ட எந்த விளக்கமும் அவளுடைய கணக்கைவிடத் தெளிவாக இல்லை.

நாளை மறைத்து வைத்ததை நான் கிருபையாகவே காண்கிறேன். தேதி தெரிந்துவிட்டால் அதற்கு முந்தின நாள் வரைக்கும் நாம் நம் இஷ்டப்படி இருப்போம். கடைசி நாளில் வெள்ளையடித்துக்கொள்வோம். தெரியாததனால்தான் வெளியே ஒருவிதம், உள்ளே ஒருவிதம் என்று வைத்துக்கொள்ள இடமில்லாமல் போகிறது.

ஒலிவமலையில் சீஷர்கள் கேட்ட கேள்வி, இது எப்போது நடக்கும் என்பது. அந்த நீண்ட பேச்சு நியாயத்தீர்ப்பில் போய் முடிகிறது. அங்கே வலதுபக்கம் நிற்பவர்களும் இடதுபக்கம் நிற்பவர்களும் கேட்பதும் எப்போது என்றுதான்: உம்மைப் பசியாக, அந்நியராக, வியாதியாக, சிறையில் எப்போது கண்டோம்? இரு சாராருக்கும் அது எதிர்பாராதது. செய்தவர்கள் கணக்கு வைக்காமல் செய்தார்கள். செய்யாதவர்களுக்கோ தாங்கள் அவரைத் தாண்டிப் போனதே தெரியவில்லை. வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்திலேயே அவர் பசியோடு பக்கத்தில் நின்றிருக்கிறார். ஆகவே அவர் எப்போது வருவார் என்று கணக்குப் போடுவதை நிறுத்துவோம். கொடுக்க வேண்டிய பாக்கியைக் கொடுப்போம், போட வேண்டிய கையெழுத்தைப் போடுவோம், பேசாதிருக்கிற உறவினரிடம் பேசுவோம். இவற்றை இன்றைக்குச் செய்துவிட்டவன், அவர் இன்றிரவே வந்தாலும் எதையும் மறைக்க ஓட வேண்டியதில்லை.