மேட்டு வழியில் மூச்சு எண்ணுதல்

மூச்சை எண்ணுவது ஒரு தொழில் என்று கல்லூரியில் எனக்குத் தோன்றியதில்லை. பிசியோதெரபி பயிற்சிக் காலத்தில், மூத்த பிசியோ அக்கா ஒருவருடன் ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்குப் போனபோதுதான் அது புரிந்தது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோ சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. நாகலூர், மாரமங்கலம் பக்கம் நாங்கள் பார்த்தவர்களில் நிமோனியாவிலிருந்து மீண்டுவரும் முதியவர்களும் உண்டு.

வீட்டுக்குள் போனதும் ஆக்சிமீட்டரை எடுக்க அக்கா விடமாட்டார். “மொதல்ல மூச்ச எண்ணு” என்பார். எண்ணுவது தெரிந்தால் யாருக்கும் மூச்சின் வேகம் மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. அதற்குப் பிறகுதான் ஆக்சிமீட்டர். மார்கழிக் குளிரில் விறைத்த விரலில் மாட்டினால் அது தப்பாகக் காட்டும். தேய்த்துச் சூடேற்றிவிட்டு மாட்ட வேண்டும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கடல்மட்டத்தோடு பார்த்தால் இங்கே ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைவு. நல்ல நுரையீரலுக்கு அது பெரிதில்லை. ஆறிவரும் நுரையீரலுக்கு அது சுமை. உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிமீட்டரில் 95 சதவீதம் காட்டுபவர், தண்ணீர்க் குடத்தோடு மேடு ஏறினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. வழக்கமான ஆறு நிமிட நடைப் பரிசோதனைக்கு 30 மீட்டர் சமதளம் வேண்டும். இந்த ஊர்களில் அதற்கு எங்கே போவது? நாற்காலியில் ஒரு நிமிடம் எழுந்து உட்காரச் சொல்லி, ஆக்சிஜன் எத்தனை புள்ளி இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பார்ப்போம். 4 புள்ளி இறங்கினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

காப்பித் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் ஆயா, “காய்ச்சல் விட்டுருச்சு கண்ணு, நெஞ்சுதான் படபடங்குது” என்றார். அக்கா என் விரல்களை அவர் மணிக்கட்டில் வைத்தார். துடிப்பு சீராக இல்லை; இரண்டு விரைந்து வரும், ஒன்று தாமதிக்கும். ஆக்சிமீட்டரில் தெரிந்த எண்ணிக்கை மட்டும் இதைச் சொல்லியிருக்காது. அன்றே ஈ.சி.ஜி. எடுக்க அனுப்பினோம். நிமோனியா நுரையீரலோடு நிற்பதில்லை. உடம்பு முழுக்க எழும் அழற்சியும் ஆக்சிஜன் குறைவும் இதயத்தை வதைக்கின்றன. முதல் ஒரு மாதத்தில் மாரடைப்பு, தாளம் தவறிய துடிப்பு, இதயச் செயலிழப்பு ஆகியவற்றுக்கான ஆபத்து கூடுகிறது. அதனால் வீக்கம் இருக்கிறதா என்று கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கவும், படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று அறிய ‘ராத்திரி எத்தனை தலையணை?’ என்று கேட்கவும் பழகினேன். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியை நினைக்க வேண்டும்.

மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவதில் அக்காவின் கைவண்ணமே தனி. உதடு குவித்து மூச்சு விடுவதை ஆயாவிடம் இப்படிச் சொன்னார்: “ஊதாங்குழல்ல ஊதுற மாதிரிதான். ஆனா அடுப்பு பத்திக்கக் கூடாது, கங்கு சிவந்தா போதும்.” ஆயாவுக்கு உடனே பிடிபட்டது. மேடு ஏறும்போது அந்த மூச்சை விட்டுக்கொண்டே அடி வைக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறக் கூடாது. விறகடுப்புப் புகைப் பக்கம் சிறிது காலம் போகவே வேண்டாம் என்று மருமகளிடமும் சொல்லிவிட்டு வந்தோம்.

இருமலும் மூச்சிரைப்பும் பெரும்பாலும் ஆறு வாரத்தில் நன்றாகக் குறையும். அசதி மூன்று மாதம்கூட இருக்கலாம். அது வாரா வாரம் குறைய வேண்டும், கூடக் கூடாது. உங்கள் வீட்டில் நிமோனியாவிலிருந்து மீள்பவர் இருந்தால், மூச்சிரைப்பை ‘வயசாச்சு, மேடு அப்படி’ என்று விட்டுவிடாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுவது, இரண்டு காலும் வீங்குவது, துடிப்பு தாறுமாறாவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பேசவே மூச்சு போதவில்லை என்றாலோ காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கவே 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.