எதிரணி என்றால் ஒரே அணிதான்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள் கிடக்கின்றன சில்லி தீவுகள். மக்கள்தொகை 2,000 சொச்சம். அங்கே ஒரு கால்பந்து லீக் நடக்கிறது. மொத்தம் இரண்டே அணிகள்!

ஒரு காலத்தில் தீவுக்குத் தீவு அணி இருந்தது. படகேறிப் போய் மோதிக்கொண்டார்கள். 1950களில் செயின்ட் மேரீஸ் தீவின் ரோவர்ஸ், ரேஞ்சர்ஸ் மட்டும் மிஞ்சின. 1984இல் அவையே வூல்பேக் வாண்டரர்ஸ், கேரிசன் கன்னர்ஸ் என்று பெயர் மாறின.

ஞாயிறுதோறும் அதே கேரிசன் மைதானம், அதே முகங்கள். ஒரு சீசனில் பதினைந்து தடவைக்கு மேல் மோதுகிறார்கள். பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தேன் என்று யாரும் வீட்டில் பீற்றிக்கொள்ள முடியாது. அதுதான் கடைசி இடமும். லீக் போதாதென்று இதே இரு அணிகளுக்குள் கோப்பைப் போட்டிகள் வேறு.

சுவாரசியமே ஆள் பிரிப்பதில்தான். சீசன் தொடங்கும் முன் இரு கேப்டன்களும் உட்கார்ந்து, நம் தெருப் பிள்ளைகள் உத்தி பிரிப்பதுபோல, மாற்றி மாற்றி ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். போன வருடம் தோளில் கை போட்டு ஆடியவன் இந்த வருடம் காலைத் தட்டிவிடுவான். ஒரே பக்கம் பலசாலிகள் சேர்ந்துவிட்டால் லீக்கே செத்துவிடும் அல்லவா? அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

2008இல் அடிடாஸ் நிறுவனத்தின் விளம்பரப் படங்களில் பெக்கம், ஜெரார்ட் போன்ற நட்சத்திர வீரர்கள் இந்த அணிகளோடு தோன்றினார்கள். கேமரா போனது. அடுத்த ஞாயிறும் வாண்டரர்ஸுக்கு எதிரே கன்னர்ஸ்தான்.