ரேகை விழாத விரல்கள்



திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நான் தினமும் வரும் பஸ்ஸில் தவறாமல் கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "ஏ பெருசு, உள்ள நகரு!" சில நாள் கண்டக்டர் சொல்வார், சில நாள் நம்மில் ஒருவன் சொல்வான். எல்லோரும் சிரிப்போம். சாதியைச் சொல்லித் திட்டினால் குற்றம் என்று நமக்குத் தெரியும். வயதைச் சொன்னால் மட்டும் அது வெறும் கிண்டல்!

இந்தக் கிண்டலுக்கு 1969-ல் 'ஏஜிசம்' என்று பெயர் வைத்தார் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். நிறவெறி, பெண்ணை மட்டமாக நினைப்பது ஆகியவற்றின் வரிசையில் வயதுப் பாகுபாட்டையும் சேர்த்தார். உலகில் இரண்டு பேரில் ஒருவருக்கு முதியவர்கள் மீது இந்த மனப்பான்மை உண்டு என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. அந்த இரண்டு பேரில் ஒருவன் நான்தான் என்று காட்டியவர் என் ஆயா.

என்னை வளர்த்தது ஆயாதான். களை வெட்டி, மல்லாட்டை பிடுங்கி, காய் ஆய்ந்து, உரித்துத் தேய்ந்த விரல்கள் அவருடையவை. 2024 பொங்கல் கழிந்த வாரம், முதியோர் பென்ஷன் எடுக்கத் திண்டிவனத்தில் ஒரு மையத்துக்கு அவரைக் கூட்டிப் போனேன். அங்கிருந்தவர் ஆயாவைப் பார்க்கவே இல்லை. "தம்பி, பாட்டி பேரு என்ன? வயசு என்ன?" என்று என்னைத்தான் கேட்டார். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். ஆயா பக்கத்தில்தான் நின்றார். காதும் நன்றாகவே கேட்கும்!

மெஷினில் விரலை வைத்தால் ரேகை விழவில்லை. நாலு தடவை, அஞ்சு தடவை வைத்தாயிற்று. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"கண்ணு, நான் ஒண்ணு சொல்றேன்..."

"நீ சும்மா இரு ஆயா! உனக்கு இதெல்லாம் என்னா தெரியும்?" எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற திமிர்!

ஆயா பதில் பேசவில்லை. ஓரமாய்ப் போய்க் கையைக் கழுவி, விரலை எண்ணெய்த் தலையில் தேய்த்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து வைத்தார். ரேகை விழுந்தது! காய்ந்த விரல் எடுபடாது, கொஞ்சம் பசை வேண்டும் என்பதை ரேஷன் கடையில் மாசாமாசம் நின்றே அவர் கற்றிருக்கிறார். 1,200 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எம் பேரக்கூட நீயே சொல்லிட்டியேடா."

அன்று முதல் யோசிக்கிறேன். முன்பெல்லாம் எப்போது விதைக்கலாம், எப்போது பிடுங்கலாம் என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டார்கள். இன்று எல்லாம் ஃபாரம், செல்போன், மெஷின். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அதனால் எழுதுவதும் நான், பேசுவதும் நான், முடிவு சொல்வதும் நான் என்றாகிவிட்டது. படிப்பு எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தது. அது ஆயா உட்கார்ந்திருந்த நாற்காலி என்பதை மறந்துவிட்டேன்.

உதவியும் சட்டமும் இல்லாமல் இல்லை. நம் மாநிலத்தில் 1962-லேயே முதியோர் பென்ஷன் வந்தது. அப்போது மாதம் 20 ரூபாய். 2023-ல் அது 1,200 ரூபாயானது. பெற்றோரையும் முதியோரையும் காப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007-ல் மத்திய சட்டம் வந்தது. அதில் 'பிள்ளைகள்' என்றால் வயது வந்த பேரன், பேத்தியும் அடக்கம்! சோறு போடாவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பேச விடாவிட்டால் யாரிடம் மனு கொடுப்பது?

நண்பர்களே, நாளை மெஷின் செய்யப்போவதும், மாட்டப்போவதும், ரிப்பேர் பார்க்கப்போவதும் நாம்தான். ஆதாரில் பத்து விரலோடு இரண்டு கருவிழியும் பதிவாகிறது. விரல் எடுபடாத இடத்தில் கண்ணைப் பார்க்கும் மெஷினையும் வைக்கலாமே! உழைத்துத் தேய்ந்த விரலைக் குறை சொல்வது என்ன நியாயம்?

அடுத்த மாதமும் ஆயாவோடு போனேன். "பாட்டி பேரு என்ன தம்பி?" என்றார் அவர்.

"அவங்களையே கேளுங்கண்ணே" என்றேன்.

ஆயா தன் பேரைச் சொன்னார். வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி!