ஐந்து ஆண்டுகளின் பின் நீங்கள் எங்கே?

2009இல் போர் முடிந்த பின்னர் மன்னாருக்கு வந்த அரச சார்பற்ற நிறுவனங்கள் சில, தம்முடன் ஒரு படிவத்தையும் கொண்டுவந்தன. ஆண்டு முடிவில் ஊழியர் ஒவ்வொருவரும் அதனை நிரப்ப வேண்டும். "ஐந்து ஆண்டுகளின் பின் உங்களை எந்த இடத்தில் காண்கிறீர்கள்?" என்பது அதிலிருந்த கேள்விகளுள் ஒன்று. எனக்குத் தெரிந்த கள உத்தியோகத்தர் ஒருவர் "மன்னாரில்" என்று எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி சிரித்தாராம். எனக்கோ அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. அவர் வேலை செய்த செயற்றிட்டத்தின் ஆயுளே இரண்டு ஆண்டுகள்தான்.

இம்மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தவர்களுக்கு அந்தப் பதிலின் பாரம் விளங்கும். 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் இங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டில் நின்றுபோன தலைமன்னார் ரயில், 2015 மார்ச்சில்தான் மீண்டும் வந்தது. கால் நூற்றாண்டு! இத்தகைய மண்ணில் ஒரு தொழிலாளியிடம் நீண்டகால இலக்கைப் பற்றிப் பேசுவது வீண் என்பார் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. இலக்கை நிறுவனத்தோடு கட்டிவைத்தால் நிறுவனம் போகும்போது இலக்கும் போய்விடும். கைத்திறனோடு கட்டிவைத்தால் அது அவனோடேயே இருக்கும்.

இதற்கு உதவும் ஏற்பாடு நம் நாட்டில் உண்டு. தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். இருபது ஆண்டுகள் வேலை செய்த மேசனோ, படகு இன்ஜின் திருத்துபவரோ மீண்டும் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. அவர்களின் அனுபவத்தையே மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு. முதலாளி செய்ய வேண்டியது அதிகமில்லை. சேவைக்காலத்தை உறுதிப்படுத்தி ஒரு கடிதம், மதிப்பீட்டு நாளுக்குச் சம்பளத்துடன் விடுமுறை, அடுத்த மட்டத்துக்கு எப்போது போகலாம் என்ற பேச்சு. இவ்வளவுதான்.

"படிப்பித்து விட்டால் கட்டாருக்குப் போய்விடுவான், ஐயா" என்றார் வேலைத்தளம் நடத்தும் ஒருவர். உண்மைதான், சிலர் போவார்கள். ஆனால், படிப்பிக்காதவர்களும் போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்? வேறுபாடு என்னவென்றால், சான்றிதழ் இல்லாதவன் அங்கும் கூலியாளாகவே இறங்குகிறான். இங்கேயே இருப்பவனுக்கோ, உயர வழியுண்டு என்ற நம்பிக்கையே வேலையில் கவனத்தைத் தருகிறது.

நான் பத்திரிகைக்கு வந்த புதிதில் எங்கள் செய்தி ஆசிரியர் என்னிடம் எந்தப் படிவத்தையும் நீட்டவில்லை. "கடற்றொழிலை எடுத்துக்கொள்ளும். வாரம் ஒரு துறைக்குப் போம். சிங்களம் படியும். மூன்று வருஷத்தில் மீனவர் பிரச்சினையை எவரிடமும் கேளாமல் நீர் எழுத வேண்டும்" என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எதுவரை வந்தேன் என்று விசாரிப்பார். எந்த வேலைத்தளத்துக்கும் பொருந்தக்கூடிய முறை இது: ஒரு துறை, ஒரு காலவரை, இடையிடையே ஒரு விசாரிப்பு.

இன்று மன்னார்த் தீவில் மின்சார சபை அமைத்த தம்பபவனி காற்றாலைகள் முப்பது நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறக்கப்பட்டவை. 250 மெகாவாற் திட்டத்தோடு வரவிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. காற்றாலைகள் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் தனியானது. ஊர்மக்களின் எதிர்ப்புக்குக் காரணங்கள் உண்டு. நான் நினைப்பது, அத்திட்டத்தை மட்டும் நம்பிக் காத்திருந்த இளைஞன் எவனாவது இருந்திருந்தால் அவனைப் பற்றியே. மின்னியல் கற்றிருந்தால், திட்டம் போன பின்பும் அவனிடம் ஒரு தொழில் மிஞ்சியிருக்கும்.

ஆகவே முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கேள்வியைத் தாராளமாகக் கேளுங்கள். "மன்னாரில்" என்று பதில் வந்தால் சிரிக்க வேண்டாம். "மன்னாரில் என்ன வேலை தெரிந்தவராக?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டு, அதற்குரிய முதல் கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்.