பட்ஜெட்டின் மூன்றாவது எண்

2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தமிழகத்தின் நிதி நிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அதில் அதிகம் பேசப்பட்டது ஒரே ஒரு எண்தான். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் ரூ.2,63,976 கடன்! வியாசர்பாடியில் தண்டல் வாங்கி தினமும் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம் இதைக் கேட்டால் பதறத்தானே செய்யும்?

உண்மையில் இந்தக் கடனைக் கேட்டு யாரும் வாசலில் வந்து நிற்கப் போவதில்லை. அரசின் கடனை மாநிலத்தின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். (மாதம் பத்தாயிரம் சம்பாதிப்பவரின் ஒரு லட்சம் கடனும், லட்சம் சம்பாதிப்பவரின் ஒரு லட்சம் கடனும் ஒன்றா என்ன?) ஆனால் விகிதம் மேடையில் எடுபடாது. "தலைக்கு இவ்வளவு" என்பதுதான் எடுபடும். இது ஒரு கட்சியின் கண்டுபிடிப்பும் அல்ல. 2001-ல் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோது நிதியமைச்சர் பொன்னையனும் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அப்போது கை நீட்டப்பட்டது தி.மு.க. பக்கம்.

சரி, கடனை விட்டுவிட்டு கணிப்புகளுக்கு வருவோம். ஒவ்வொரு ஆண்டுக்கும் மூன்று எண்கள் உண்டு. ஆண்டு தொடங்கும்போது பட்ஜெட் மதிப்பீடு, முடியும் தறுவாயில் திருத்திய மதிப்பீடு, எல்லாம் முடிந்தபின் உண்மைக் கணக்கு. முதல் இரண்டும் கணிப்பு. மூன்றாவதுதான் நடந்தது.

2021-22க்கான வருவாய்ப் பற்றாக்குறை சுமார் 41,417 கோடி என்று அந்தப் பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட்டில் ஓ.பன்னீர்செல்வம் சொன்னார். ஆட்சி மாறியது. ஆகஸ்டில் அதே ஆண்டுக்கு 58,692 கோடி என்றார் புதிய அமைச்சர். கடைசியில் கணக்கு வந்தபோது சுமார் 46,538 கோடி! போகிறவர் குறைத்துச் சொன்னார், வந்தவர் கூட்டிச் சொன்னார். கூட்டிச் சொன்னதில் ஒரு வசதியும் உண்டு: பிறகு குறைந்தால் அது சாதனை.

வரக்கூடிய நஷ்டத்தை முன்கூட்டியே கணக்கில் எடு, வராத லாபத்தை எடுக்காதே என்று காமர்ஸ் மாணவர்களுக்கு ஒரு விதி சொல்லித் தருவார்கள். புதிய அரசுகள் அதை நன்றாகவே கடைப்பிடிக்கின்றன, முதல் வருடம் மட்டும். 2022-23 பற்றாக்குறை சுமார் 30,000 கோடியாகக் குறைந்துவிட்டது என்று 2023 மார்ச்சில் அதே அரசு பெருமையாக அறிவித்தது. அது திருத்திய மதிப்பீடு. கணக்கு முடிந்தபோது 36,000 கோடியைத் தாண்டியிருந்தது. அப்போதும் குறைவுதான், சாதனைதான். ஆனால் சொன்ன அளவுக்கு இல்லை.

இதெல்லாம் வெறும் எண் விளையாட்டு அல்ல. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி தந்தது. நிதி நிலை சீரானதும் தருவோம் என்று தள்ளிப்போட்டு, 2023 செப்டம்பர் 15-ல்தான் கொடுக்கத் தொடங்கினார்கள். இரண்டு வருடத்துக்கும் மேல்! தள்ளிப்போட்டது சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் காரணமாகக் காட்டியது கணிப்பு. காத்திருந்தது வியாசர்பாடி போன்ற இடங்களில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள்.

உண்மைக் கணக்கு பட்ஜெட் புத்தகத்தில் ஏறுவதற்குள் அந்த ஆண்டைப் பற்றிய சண்டையே முடிந்துவிடுகிறது. அதனால்தான் தப்பான கணிப்புக்கு யாரும் பதில் சொல்வதில்லை. அடுத்த பட்ஜெட் அன்று டிவியில் விவாதம் சூடு பிடிக்கும்போது, இரண்டு வருடத்துக்கு முன்பு என்ன சொன்னார்கள், என்ன நடந்தது என்று ஒருவராவது கேட்கிறாரா பாருங்கள்.